எக்கோ நார்மல் என்றார்கள், பிறகு எதற்கு சிடி?

கேள்வி: எங்கள் மகள் 26 வாரத்தில், ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்தாள். வென்டிலேட்டர், சிபாப் எல்லாம் தாண்டி, பிபிடி என்ற நுரையீரல் பாதிப்போடு, ஆக்சிஜன் வைத்தபடியே வீட்டுக்கு வந்தாள். இப்போது ஏழு மாதம், ஐந்து கிலோ. வந்த புதிதில் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தோம். ஒன்றரை மாதமாக மறுபடியும் கூட்ட வேண்டியிருக்கிறது, எடையும் ஏறவில்லை. டிஸ்சார்ஜுக்கு முன் எடுத்த இரண்டு எக்கோவும் நார்மல். போன வாரம் எடுத்த எக்கோவில் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறது என்கிறார்கள். எக்ஸ்ரே ரிப்போர்ட்டில், ‘இரு பக்கமும் பிபிடி மாற்றங்கள், இடப்பக்கம் கோடுகள் சற்றுக் கூடுதல்’ என்று இருக்கிறது. இதய மருத்துவர் சாயம் செலுத்தி சிடி எடுத்து சிரைகளைப் பார்க்க வேண்டும் என்கிறார். உறவினரான இன்னொரு டாக்டர், ‘முதலில் சில்டனாஃபில் மருந்து கொடுத்துப் பாருங்கள், அழுத்தம் குறைந்தால் சிடியே வேண்டாம்’ என்கிறார். ஏற்கெனவே எத்தனையோ எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. இதற்கு மேலும் கதிர்வீச்சு தாங்குவாளா? இப்போது சளி வேறு பிடித்திருக்கிறது. ஒரு மாதம் தள்ளிப்போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. குறைந்துகொண்டு வந்த ஆக்சிஜன் மறுபடியும் கூடுகிறது என்கிறீர்கள். பிபிடி குழந்தைகளின் வழக்கமான போக்கு அதுவல்ல. காற்றுப்பைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகே உருவாகிறது, முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த வளர்ச்சி வேகமாக நடக்கிறது. எடை ஏற ஏற, மெதுவாகவாவது ஆக்சிஜன் தேவை குறைந்துகொண்டுதான் வர வேண்டும். அது திரும்பி ஏறினால் புதிதாக ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது என்று பொருள். தொற்றாக இருக்கலாம். பால் புரையேறி நுரையீரலுக்குள் போவதாக இருக்கலாம். மூச்சுக்குழாய் தொளதொளத்து மூடிக்கொள்வதாக இருக்கலாம். இதயத்தில் மூடாமல் இருக்கும் ஓட்டையாக இருக்கலாம். இந்த வரிசையில் பலருக்கும் கடைசியாக நினைவுக்கு வருவது நுரையீரல் சிரைகள். உங்கள் இதய மருத்துவருக்கு அது இப்போதே நினைவுக்கு வந்திருக்கிறது, நல்லது.

நுரையீரலில் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தை இதயத்தின் இடது மேலறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவை இந்தச் சிரைகள். சிரை என்றால் அசுத்த ரத்தம் என்று பள்ளியில் படித்திருப்போம். இவை அதற்கு விதிவிலக்கு. பெரும்பாலானவர்களுக்கு நான்கு இருக்கும், ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று. குறைமாதத்தில் பிறந்து பிபிடி வந்த சில குழந்தைகளுக்கு, இந்தச் சிரைகள் மேலறையில் திறக்கும் இடத்தில் உட்சுவர் தடித்துக் குறுகத் தொடங்குகிறது. தசை செல்களைப் போல நடந்துகொள்ளும் ஒருவகை செல்கள் அங்கே பெருகி வழியை அடைக்கின்றன. வடிகாலை அடைத்தால் வயலில் நீர் தேங்குவது போல, அந்தச் சிரைக்குப் பின்னால் இருக்கும் நுரையீரல் பகுதியில் ரத்தமும் நீரும் தேங்கும். ஆக்சிஜன் தேவை கூடும், மூச்சு வாங்கும், பால் குடிப்பதற்குள் களைத்துப்போகும், எடை ஏறாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பிபிடி மாதிரியே இருக்கும்.

குறைமாதக் குழந்தைகளிடம் நாங்கள் பார்க்கும் இந்தச் சுருக்கம் பெரும்பாலும் பிறவியிலேயே இருப்பதில்லை. பிறந்தபோது நான்கு சிரைகளும் நன்றாகத் திறந்திருந்த குழந்தைக்கும் சில மாதங்கள் கழித்து வரும். அதனால் டிஸ்சார்ஜுக்கு முன் எடுத்த இரண்டு எக்கோவையும் யாரோ கவனக்குறைவாக எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கோபப்பட வேண்டாம். அந்த நாளில் அது நார்மலாகவே இருந்திருக்கலாம். மிதமான அல்லது கடுமையான பிபிடி உள்ள குழந்தைக்கு, கர்ப்ப வாரங்களையும் சேர்த்து எண்ணி 36 வார வயதை எட்டும்போது ஒரு எக்கோ எடுக்க வேண்டும் என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். ஆனால் அந்த ஒன்றோடு கணக்கு முடிந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

எக்கோவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எக்கோவின் மீயொலி அலை காற்று நிறைந்த இடத்தைத் தாண்டிப் போகாது. பிபிடி குழந்தையின் நுரையீரல் காற்று அடைபட்டு உப்பி, இதயத்தின் முன்பக்கத்தையே மூடிக்கொண்டிருக்கும். சிரைகளோ இதயத்தின் பின்பக்கம் வந்து சேர்பவை. எக்கோ எடுப்பவர் டாப்ளர் வைத்து ரத்தம் பாயும் வேகத்தை அளக்கிறார். வழி குறுகினால் வேகம் கூடும், அதைக் கொண்டு சுருக்கம் இருப்பது தெரியும். ஆனால் ஒரு சிரை முழுவதும் அடைபட்டுவிட்டால் அங்கே ஓட்டமே இராது, கூடுவதற்கு வேகமும் இராது. அந்த ரத்தம் வேறு சிரைக்குத் திரும்பிவிட்டிருக்கும். அப்போது டாப்ளரில் பெரிதாக எதுவும் தெரியாமல் போகக்கூடும். பழைய எக்கோ ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். ‘நுரையீரல் சிரைகள் நார்மல்’ என்று பொதுவாக இருக்கிறதா, நான்கையும் தனித்தனியே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்களா? இரண்டாவது வகை ரிப்போர்ட்டைத்தான் நான் நம்புவேன்.

அடுத்து சில்டனாஃபில். உங்கள் உறவினர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிபிடியால் நுரையீரல் தமனிகள் இறுகி அழுத்தம் கூடினால், அதைத் தளர்த்த இந்த மருந்து கொடுப்பது வழக்கம்தான். ஆனால் அழுத்தம் கூடியதற்குக் காரணம் தமனியா, சிரையா என்று தெரியாமல் கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது. ரத்தம் உள்ளே வரும் தமனியை மருந்து திறந்துவிடும், கூடுதல் ரத்தம் உள்ளே பாயும், வெளியேறும் வழியான சிரை அடைபட்டிருந்தால் அது வெளியேற முடியாது. நுரையீரலில் நீர் கோத்துக் குழந்தை திடீரென்று மோசமாகிவிடலாம். அதே தமனிகளைத் தளர்த்த மூச்சோடு கொடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆகவே ‘கொடுத்துப் பார்ப்போம், பிறகு ஸ்கேன்’ என்ற வரிசையை நான் ஏற்க மாட்டேன். குழந்தை நெருக்கடியில் இருந்தால் மருத்துவமனையில் வைத்து, கண்காணிப்பில் மருந்தைத் தொடங்குவது வேறு விஷயம். அதை அங்கே இருக்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி என் துறையான கதிரியக்கவியலுக்கு வருகிறேன். பிபிடி என்ற நோயை 1967-ல் முதன்முதலாக விவரித்து எழுதிய குழுவின் தலைவர் வில்லியம் நார்த்வே, ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய கதிரியக்கவியல் மருத்துவர். வென்டிலேட்டரில் இருந்த 32 குறைமாதக் குழந்தைகளின் எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்துப் பார்த்து, நோயை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். எங்கள் துறைக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று அவர்கள் பார்த்த பெரிய பெரிய குமிழிகளையும் தழும்புகளையும் இப்போது அவ்வளவாகப் பார்ப்பதில்லை. 1990-களில், காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபேக்டன்ட் மருந்து பரவலாக வந்தது, வென்டிலேட்டரை மென்மையாகக் கையாளும் பழக்கமும் வந்தது. நோயின் முகமே மாறியது. இன்று பிபிடி என்றால் முக்கியமாக, வளர வேண்டிய நேரத்தில் வளராமல் நின்றுபோன காற்றுப்பைகளும் ரத்தக்குழாய்களும்தான். எக்ஸ்ரேயில் அது மங்கலாக, சிறு கோடுகளாக, உப்பலாகத் தெரியும். மங்கல் என்பதுதான் சிக்கல். சிரை அடைபட்டு நீர் தேங்கினாலும் எக்ஸ்ரேயில் மங்கலும் கோடுகளும்தான் வரும். ‘பிபிடி குழந்தை’ என்று சீட்டில் எழுதி வரும் படத்தில் கோடுகளைப் பார்த்தால், ‘பிபிடி மாற்றங்கள்’ என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட மனம் சாயும்.

உங்கள் மகளின் படத்தை நான் பார்க்கவில்லை. அதனால் அது இன்னதுதான் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் ‘இடப்பக்கம் சற்றுக் கூடுதல்’ என்று ஒருவர் நேரம் எடுத்து எழுதியிருக்கிறாரே, அந்தச் சொற்களை மதிக்க வேண்டும். பிபிடி பொதுவாக இரு பக்கமும் திட்டுத்திட்டாகப் பரவியிருக்கும். ஒரு பக்கமோ ஒரு மடலோ மட்டும் நாளாக ஆக மோசமானால், அந்தப் பகுதியின் ரத்தம் எந்தச் சிரை வழியாக வெளியேறுகிறது என்று கேட்டாக வேண்டும். இடப்பக்கச் சிரைகள் பாதிக்கப்படுவது அரிதும் அல்ல.

சிடியில் நாங்கள் பார்ப்பதைச் சொல்கிறேன், அப்போதுதான் எக்ஸ்ரே போதாது என்பது விளங்கும். முதலில் நுரையீரல். பிபிடி என்றால் சில இடங்களில் காற்று சிக்கிக் கருமையாக இருக்கும். நுரையீரலின் ஓரத்தில், நெஞ்சுச் சுவரை ஒட்டி, சிறு முக்கோண வடிவில் தடிப்புகள் தெரியும். உள்ளே நீளவாக்கில் பட்டைகள் ஓடும். சிரை அடைப்பில் வேறு காட்சி. நுரையீரலைச் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கும் மெல்லிய சுவர்கள் நீர் கோத்துத் தடித்து, ஓரத்தில் வலைப்பின்னல் போன்ற நேர்த்தியான கோடுகளாகத் தெரியும். கூடவே பனி படர்ந்தது போன்ற வெண்மை. நுரையீரலின் உறையும் அந்தப் பக்கம் தடித்திருக்கும். இரண்டு நோயும் ஒரே குழந்தையிடம் இருக்கும்போது இவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். நாளைக்கு உங்கள் ரிப்போர்ட்டில் ‘மொசைக்’ என்ற சொல் வந்தாலும் வரும். வெளுத்த பகுதியும் கருத்த பகுதியும் மாறிமாறி இருப்பதைத்தான் அப்படி எழுதுகிறோம். காற்று சிக்கினாலும் மொசைக் வரும், ரத்த ஓட்டம் ஏற்றத்தாழ்வாக இருந்தாலும் வரும். அந்த ஒரு சொல்லை வைத்து எதையும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

நுரையீரலைப் பார்த்து முடித்த பிறகுதான் உண்மையான வேலை. சாயம் நிறைந்த இடது மேலறையில் தொடங்கி, ஒவ்வொரு சிரையாக வெளியே நோக்கிப் பின்தொடர்ந்து போவோம். வாயில் எவ்வளவு அகலம், அடுத்த சில மில்லிமீட்டரில் என்ன ஆகிறது, கிளைகள் எங்கே பிரிகின்றன என்று பார்ப்போம். நோயுள்ள சிரை மேலறையை நெருங்க நெருங்கக் கூராகி, சில சமயம் தொடாமலே நின்றுவிடும். அந்த இடைவெளியில் மென்திசு தடித்துக் கிடக்கும். ஐந்து கிலோ குழந்தையின் நல்ல சிரையே சில மில்லிமீட்டர் அகலம்தான். இதில் ஒரு பொறியும் உண்டு. இடப்பக்கக் கீழ்ச் சிரை, இதயத்துக்கும் முதுகெலும்பின் முன்னால் இறங்கும் பெருந்தமனிக்கும் நடுவே நுழைந்து வருகிறது. குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது அந்த இடத்தில் அது நசுங்கி, நோய் வந்தது போலவே தெரியலாம். வெளியிலிருந்து நசுங்கியதா, உட்சுவரே தடித்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். குழந்தைகளின் இதய சிடியை வழக்கமாகப் படிப்பவர் இருக்கும் இடத்தில் எடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எம்ஆர்ஐ எடுத்தால் கதிர்வீச்சே இல்லையே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு நேரம் அதிகம், இந்த வயதில் மயக்கம் கொடுக்காமல் அசையாமல் வைத்திருப்பது கடினம், காற்று நிறைந்த நுரையீரலை வழக்கமான எம்ஆர்ஐ நன்றாகக் காட்டுவதும் இல்லை. அதற்கென்று புதிய முறைகள் சில மையங்களில் இருக்கின்றன. சில மில்லிமீட்டர் சிரையைத் தேடும் இன்றைய கேள்விக்கு சிடிதான் நேரான வழி.

கதிர்வீச்சு பற்றிய பயம் நியாயமானது, அதைச் சிரித்துத் தள்ள மாட்டேன். குழந்தையின் செல்கள் வேகமாகப் பெருகுபவை, முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறோம். பச்சிளங்குழந்தையின் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, 1 மில்லிசீவர்ட்டில் நூறில் ஓரிரு பங்குதான். ஐம்பது எக்ஸ்ரே எடுத்திருந்தாலும் ஏறக்குறைய 1 மில்லிசீவர்ட் அளவில்தான் நிற்கும். நவீனக் கருவியில், குழந்தைக்கான அளவில் எடுத்தால் ஒரு நெஞ்சு சிடியும் 1 மில்லிசீவர்ட்டை ஒட்டியே வரும், குறைவாகவும் வரலாம். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் எல்லோர் மேலும் இயற்கையாகவே விழும் கதிர்வீச்சு, உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். இதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட மாட்டேன். ஐரோப்பாவில் 9 நாடுகளில், சிறு வயதில் சிடி எடுத்துக்கொண்ட ஏறத்தாழ பத்து லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. சராசரி அளவில் சிடி எடுக்கும் 10,000 குழந்தைகளில் ஒருவர் அல்லது இருவருக்கு, அடுத்த 12 ஆண்டுகளில் அதன் காரணமாக ரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்பது அதன் மதிப்பீடு. சின்ன எண், ஆனால் பூஜ்யம் அல்ல. இன்னொரு தட்டில், கண்டுபிடிக்காமல் விட்டால் மாதக் கணக்கில் மோசமாகிக்கொண்டே போகும் ஒரு நோய் இருக்கிறது. என்னைக் கேட்டால், உங்கள் மகளின் நிலையில் தயங்காமல் எடுப்பேன். தேவையில்லாத சிடியை வேண்டாமென்று சொல்வதும் என் அன்றாட வேலைதான், அந்தப் பழக்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் காவல் காக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எடுக்கும் ஒரே ஸ்கேன் உருப்படியாக இருக்க வேண்டும். சாயம் இல்லாமல் எடுத்தாலோ, சாயம் தமனியில் மட்டும் நிறைந்திருக்கும் நொடியில் எடுத்தாலோ, சிரை தெரியாமல் மறுபடியும் எடுக்க நேரும். ஸ்கேன் சீட்டில் ‘சிடி நெஞ்சு’ என்று மட்டும் இருந்தால் விட்டுவிடாதீர்கள். ‘பிபிடி, நுரையீரல் அழுத்தம் கூடியுள்ளது, நான்கு சிரைகளிலும் சுருக்கம் உண்டா’ என்று எழுதித் தரும்படி இதய மருத்துவரைக் கேளுங்கள். சாயம் எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்று நாங்கள் அதைப் பார்த்துத்தான் திட்டமிடுவோம்.

அன்றைய தினம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பாதி பயம் போகும். கையிலோ காலிலோ ஒரு மெல்லிய ஊசிக்குழாய் போடுவார்கள், குழந்தை அழுவது பெரும்பாலும் அதற்குத்தான். சாயம் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி, உங்கள் மகளுக்கு அதிகபட்சம் ஒரு சிறிய சிரிஞ்ச் அளவு. முன்கூட்டியே சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுவார்கள். வேகமான கருவிகளில் ஸ்கேன் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும், மூச்சைப் பிடிக்க வைக்கத் தேவையில்லை. பதினான்கு வாரம் முன்னதாகப் பிறந்தவள் என்பதால் அவளுடைய திருத்திய வயது நான்கு மாதத்துக்கும் கொஞ்சம் குறைவு. இந்த வயதில் பல குழந்தைகளுக்குப் பால் கொடுத்து, துணியில் இதமாகச் சுற்றித் தூங்கவைத்தே எடுத்துவிடலாம். பசியோடு அழைத்துப் போய், ஊசிக்குழாய் போட்ட பிறகு அங்கேயே பால் கொடுத்தால் நன்றாகத் தூங்குவாள். ஆனால் மயக்க மருந்து திட்டமிட்டிருந்தால் இதற்கு நேர்மாறாக, சொன்ன நேரத்திலிருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும். எந்த முறை என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நுரையீரல் அழுத்தம் கூடிய குழந்தைக்கு மயக்கம் கொடுப்பது சாதாரண விஷயம் அல்ல. வேறு வழியில்லை என்றால், இப்படிப்பட்ட குழந்தைகளைக் கையாண்டு பழகிய மயக்கவியல் மருத்துவர் உடன் இருக்க வேண்டும்.

முடிவு எப்படி வரும்? சிரைகள் நான்கும் திறந்திருந்தால், அழுத்தத்துக்கான மருந்தை நிம்மதியாகத் தொடங்கலாம், நுரையீரலின் நிலையும் ஒருமுறை தெளிவாகப் பதிவாகிவிடும். சுருக்கம் தெரிந்தால், அடுத்து ரத்தக்குழாய்க்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகப் போய் அழுத்தத்தை அளந்து பார்த்து, பலூன் வைத்து விரிப்பார்கள். சில குழந்தைகளுக்கு ஸ்டென்ட், சிலருக்கு அறுவை சிகிச்சை. விரித்த இடம் மறுபடியும் சுருங்குவது இந்த நோயின் குணம், அதனால் ஒரே தடவையில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். செல்கள் பெருகுவதை மட்டுப்படுத்த சிரோலிமஸ் போன்ற மருந்துகளையும் சில மையங்கள் சேர்த்துக் கொடுக்கின்றன. ஒன்று இரண்டு சிரைகளோடு நின்றால் நிலைமை பரவாயில்லை, மூன்று நான்கு என்றால் கடினம். எத்தனை சிரை என்பதை இப்போதே தெரிந்துகொள்ள அவசரப்படுவதும் அதனால்தான்.

ஸ்கேன் முடிந்ததும் பலர் மறந்துவிடுகிற ஒன்று தைராய்டு. சாயத்தில் அயோடின் நிறைய இருக்கிறது, சிறு குழந்தைகளின் தைராய்டு சுரப்பி அதனால் சில காலம் மந்தமாகலாம். மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அயோடின் சாயம் கொடுத்தால் 3 வாரத்துக்குள் தைராய்டு பரிசோதனை பார்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் அறிவுறுத்தியது. குறைமாதத்தில், மிகக் குறைந்த எடையில் பிறந்தவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. உங்கள் குழந்தை மருத்துவரிடம் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் காகிதத்தோடு படங்கள் அடங்கிய டிஸ்க்கையும் வாங்கி வைத்துக்கொண்டால், வேறு மையத்துக்குப் போக நேர்ந்தாலும் ஸ்கேனைத் திரும்ப எடுக்கத் தேவை இராது.

கடைசியாக, சளி. மூக்கொழுகல் மட்டும்தான், காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறாள், ஆக்சிஜன் அளவு வழக்கம் போல நிற்கிறது என்றால் ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போடுவதில் தவறில்லை. சளியோடு மயக்கம் கொடுப்பதும் நல்லதல்ல, நெஞ்சுச் சளி நுரையீரல் படத்தையும் குழப்பும். சிரைகள் தெரிவதற்கு மட்டும் சளி தடையே இல்லை. அதனால் மயக்கம் இல்லாமல் எடுக்க முடியும் என்று அவர்கள் சொன்னால், சளி முழுதாகப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு மாதம் என்பது எனக்குச் சம்மதமில்லை. இதற்கிடையில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) இறங்கினாலோ, ஆக்சிஜனை இன்னும் கூட்ட வேண்டி வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு வாங்கிப் பால் குடிக்காமல் விட்டாலோ, ஸ்கேன் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே அவளை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.